டி.டபிள்யூ.ஏ. 800: கீழிருந்து எழுந்த கோடும் மேலேறியதாகச் சொல்லப்பட்ட விமானமும்

அந்த மாலை

1996 ஜூலை 17 அன்று மாலை, பாஸ்டனிலிருந்து டிரெண்டன் நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஈஸ்ட்விண்ட் 507 என்ற போயிங் 737 விமானத்தின் தலைமை விமானி டேவிட் மெக்லெய்ன், எதிரே தொலைவில் வந்த ஒரு விமானத்தின் இறங்குவிளக்கு வெகுநேரமாக எரிந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். அணைக்க மறந்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி, நினைவூட்டுவதற்காகத் தம் விளக்கைப் போட்டார். அந்தக் கணத்தில் எதிரே இருந்த ஒளி ஒரு தீப்பந்தாக விரிந்தது; அதிலிருந்து இரண்டு தீத்தாரைகள் கடலை நோக்கி இறங்கின. இரவு 8 மணி 31 நிமிடம் 50 விநாடிக்கு அவர் பாஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திடம், ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் ஒரு வெடிப்பைப் பார்த்ததாகவும், அது தண்ணீருக்குள் போய்விட்டதாகவும் தெரிவித்தார். மையம் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 800-ஆம் எண் விமானத்தை மீண்டும் மீண்டும் அழைத்தும் பதில் வரவில்லை. அது அவர்தான் என்று நினைக்கிறேன் என்றார் மெக்லெய்ன்.

டி.டபிள்யூ.ஏ. 800-இன் குரல்பதிவுக் கருவி அதற்கு 38 விநாடி முன்பே, 8:31:12-க்கு, நின்றுபோயிருந்தது. இந்த 38 விநாடிகளைப் பற்றித்தான் அடுத்த 18 ஆண்டுகள் சண்டை நடந்தது.

போயிங் 747-131 வகையைச் சேர்ந்த அந்த விமானம் 1971 முதல் சேவையில் இருந்தது. நியூயார்க் கென்னடி விமான நிலையத்திலிருந்து பாரிசுக்கு இரவு 7 மணிக்குப் புறப்பட வேண்டியது, 8:19-க்குத்தான் ஓடுபாதையை விட்டது. காத்திருந்த நேரம் முழுவதும் குளிர்சாதனக் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை இருப்பது, வயிற்றுப்பகுதியிலுள்ள நடு எரிபொருள் தொட்டிக்கு நேர் கீழே. ஏறத்தாழ 12,900 காலன் கொள்ளக்கூடிய அந்தத் தொட்டியில் அன்று சுமார் 50 காலன் மட்டுமே இருந்தது. மீதி இடமெல்லாம் சூடேறிய ஆவி. 15,000 அடிக்கு ஏற அனுமதி பெற்று ஏறிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 13,800 அடியில், லாங் ஐலண்டின் தென்கரையிலுள்ள ஈஸ்ட் மோரிச்சஸ் ஊருக்கு எதிரே கடல்மேல் விமானம் சிதறியது. உள்ளிருந்த 230 பேரும் இறந்தனர்.

கோடைக்கால மாலை அது. சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது, வானம் தெளிவாக இருந்தது, கடற்கரையிலும் படகுகளிலும் வீட்டு முற்றங்களிலும் மக்கள் இருந்தார்கள். விபத்துக்குச் சாட்சிகள் கிடைக்கவில்லை என்பதே வழக்கமான குறை. இங்கே சாட்சிகள் ஏராளம். வழக்கின் சிக்கலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

736 பேர் சொன்னது

எஃப்.பி.ஐ. சேகரித்த ஆவணங்களில் 736 பேரின் கூற்றுகள் உள்ளன. பெரும்பாலோர் கண்டது தீக்கோளத்தை. அதில் சர்ச்சை இல்லை. ஆனால் 258 பேர் ஒரு ஒளிக்கோட்டைப் பற்றிச் சொன்னார்கள். வாணம், எரிநட்சத்திரம், எச்சரிக்கைச் சுடரொளி என்று பலவாறாக அதை அவர்கள் வருணித்தார்கள். அவர்களில் 38 பேர் அந்தக் கோடு செங்குத்தாகவோ ஏறத்தாழ செங்குத்தாகவோ மேலேறியது என்றனர். அது கடல்மட்டத்திலிருந்தோ தொடுவானத்திலிருந்தோ கிளம்பியது என்றவர்கள் 18 பேர்.

இதிலிருந்து இரண்டு கதைகள் பிறந்தன. ஒன்று ஏவுகணை: யாரோ கீழிருந்து எய்தார்கள், அது விமானத்தைத் தாக்கியது. எய்தவர் பயங்கரவாதி என்றனர் சிலர். அமெரிக்கக் கடற்படையே தவறுதலாக எய்தது என்றனர் வேறு சிலர். அதிபர் கென்னடியின் முன்னாள் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சர் 1996 நவம்பரில் கடற்படைக் கதையைத் தம்மிடம் ஆவணம் இருப்பதாகக் கூறி அறிவித்தார்; அந்த ஆவணம் இணையத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த ஒரு செய்திதான் என்பது விரைவிலேயே தெரிந்தது. மற்றது அரசுத் தரப்புக் கதை: மக்கள் கண்டது விமானத்தையேதான், தொட்டி வெடித்து மூக்குப்பகுதி கழன்று விழுந்தபின், தலையற்ற விமானம் எரிந்தபடியே சில ஆயிரம் அடி மேலேறியது, அந்த ஏற்றத்தைத்தான் மக்கள் ஏவுகணை என்று நினைத்தார்கள்.

நான் இந்த வழக்கைப் படித்தவரையில், முதல் கதை தவறு. இரண்டாவது கதையின் முடிவு சரி. ஆனால் அதை நிறுவுவதற்கு அரசுத் தரப்பு முன்னிறுத்திய வாதம், அதாவது அந்த ஏற்றம், அதன்மேல் ஏற்றப்பட்ட பாரத்தைத் தாங்கக்கூடியது அல்ல. சர்ச்சை இவ்வளவு காலம் நீடித்ததற்கு இந்த இடைவெளியே பெருங்காரணம்.

கேட்ட விதம்

சாட்சிகளின் நினைவாற்றலைக் குறைசொல்வதற்குமுன், அவர்களிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். முதல் நாட்களில் சுமார் 80 எஃப்.பி.ஐ. முகவர்கள் கடற்கரை ஊர்களில் வீடுவீடாகப் போனார்கள். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதவில்லை. முகவர் தம் குறிப்பிலிருந்து பின்னர் சுருக்கம் ஒன்றை எழுதினார். அந்தச் சுருக்கம் சாட்சிக்குக் காட்டப்படவில்லை, திருத்தவும் வாய்ப்புத் தரப்படவில்லை. முகவர்களுக்குத் தரப்பட்ட மாதிரிக் கேள்விகளில், ஏவுகணை எவ்வளவு நேரம் பறந்தது, ஏவப்பட்ட இடத்தையும் விமானத்தையும் வைத்துப் பார்த்தால் சூரியன் எங்கே இருந்தது என்பவை இருந்தன. கேள்விக்குள்ளேயே ஏவுகணை ஏறி உட்கார்ந்துவிட்டது. 1974-இல் உளவியலர் எலிசபெத் லாஃப்டஸ் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், ஒரே கார் மோதலைப் படத்தில் பார்த்தவர்களிடம் கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று கேட்டபோது சராசரி விடை மணிக்கு 41 மைல் அளவில் வந்தது. ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்டபோது 32 மைல் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு வினைச்சொல் இவ்வளவு செய்யுமென்றால் ‘ஏவுகணை’ என்ற பெயர்ச்சொல் என்ன செய்திருக்கும் என்று யோசிக்கலாம்.

விபத்துகளை ஆராயும் பொறுப்புள்ள தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் சொந்தச் சாட்சிக் குழுவை அமைக்க முதல் வாரத்திலேயே முன்வந்தது. குற்ற வழக்காக மாறினால் சிக்கல் வரும் என்று எஃப்.பி.ஐ. தயங்கவே, வாரியம் ஒதுங்கிக்கொண்டது. பெயர்கள் மறைக்கப்பட்ட சுருக்கங்களைப் பார்க்க அதற்கு அனுமதி கிடைத்தது 1996 நவம்பரில். பெயர்கள் கிடைத்தது 1998 ஏப்ரலில். அதற்குள் தொலைக்காட்சியும் பத்திரிகையும் எல்லாச் சாட்சிகளின் நினைவிலும் கலந்துவிட்டன என்று கருதி, மறுவிசாரணை வேண்டாம், பழைய சுருக்கங்களே போதும் என்று முடிவு செய்தார்கள். 1997 டிசம்பரில் பால்டிமோரில் ஐந்து நாள் பொது விசாரணை நடந்தது. எஃப்.பி.ஐ. விசாரணைத் தலைவர் ஜேம்ஸ் கால்ஸ்ட்ராம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, நேரில் கண்ட ஒருவர்கூட அங்கே சாட்சியம் அளிக்கவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; இந்த வழக்கில் கண்ணும் காதும் தம் வேலையை ஓரளவு ஒழுங்காகவே செய்திருந்தன, பழுதுபட்டது மூன்றாவதுதான்.

இவ்வளவு சாட்சிகள் ஒரே காட்சியைப் பற்றி இத்தனை முரணாகப் பேசுவார்களா என்று கேட்பவர்களுக்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நியூயார்க்கில் நடந்த இன்னொரு விபத்து விடை தருகிறது. 2001 நவம்பர் 12 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, குயின்ஸ் பகுதியிலுள்ள பெல் ஹார்பரில் விழுந்து 265 பேர் இறந்தனர். வால் பகுதியின் செங்குத்துத் துடுப்பு காற்றிலேயே பிய்ந்துபோனதே காரணம். அங்கு 349 கூற்றுகளை வாரியம் தொகுத்தது. விமானம் வலப்புறம் திரும்பியது என்றவர்கள் 18 விழுக்காடு; இடப்புறம் திரும்பியது என்றவர்களும் சரியாக 18 விழுக்காடு. பறக்கும்போதே தீயைக் கண்டோம் என்றவர்கள் 52 விழுக்காடு. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சில விநாடிகள் மட்டும் நீடித்த ஒரு காட்சியை மனம் பிறகு ஒரு கதையாகக் கோக்கும்போது முன்பின் மாறுகிறது, நடுவில் காணாத இடங்கள் தாமாக நிரம்பிவிடுகின்றன.

ஒலியின் கணக்கு

சாட்சியங்களை அலச எஃப்.பி.ஐ. அழைத்தது சி.ஐ.ஏ.வை. உளவு அமைப்பை இதில் இழுத்தது மக்கள் தொடர்பு நோக்கில் பெரும் தவறு என்பது வேறு விஷயம். அங்கிருந்த ஆய்வாளர்கள் கைக்கொண்ட முறை எளியது, வலுவானதும்கூட. ஒளி உடனே வந்துவிடும். ஒலி நடந்துதான் வரும். விமானம் சிதறிய இடம் மிக நெருங்கிய கரையிலிருந்தே பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருந்தது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்று கொண்டால், முதல் வெடிப்பின் ஓசை கரையை அடைய ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆகும்.

இப்போது ஒரு சாட்சி, கோட்டைக் கண்டேன், பிறகு தீக்கோளத்தைக் கண்டேன், அது கடலில் விழுந்தபின் இடியோசை கேட்டது என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓசை அவரை வந்தடைந்த நேரத்திலிருந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லும் விநாடிகளைக் கழித்தால், அவர் பார்க்கத் தொடங்கிய நேரம் கிடைக்கும். பார்த்தது முப்பது விநாடி, ஓசை வந்தது வெடித்த ஐம்பதாவது விநாடியில் என்றால், அவர் கோட்டை முதலில் கண்டபோது விமானம் வெடித்து இருபது விநாடி ஆகியிருந்தது. அவர் கண்டது விமானத்தை நோக்கிப் போன பொருளாக இருக்க முடியாது. ஏற்கெனவே உடைந்து எரிந்துகொண்டிருந்த விமானமாகத்தான் இருக்க முடியும்.

நேரத்தை மக்கள் தப்பாக மதிப்பிடுவார்களே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் பதற்றத்தில் இருப்பவர்கள் பொதுவாக நேரத்தைக் கூட்டித்தான் சொல்வார்கள். முப்பது விநாடி என்று சொன்னது உண்மையில் பதினைந்து என்றால், பார்க்கத் தொடங்கிய கணம் இன்னும் பிந்திப்போகிறது. அவர் கேட்டது முதல் வெடிப்பின் ஓசையல்ல, பிற்பாடு இறக்கை முறிந்த ஓசை என்று வாதிட்டாலும் அதே விளைவுதான். எந்தப் பக்கம் திருத்தினாலும் கணக்கு ஒரே திசையில்தான் சாய்கிறது. இந்த வழக்கில் நான் கண்ட வாதங்களில் இதுவே உறுதியானது. ஓசையைக் கேட்டு, கால அளவும் சொன்னவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாலத்தில் நின்றவர்

வெஸ்ட்ஹாம்ப்டன் பீச்சில் பீச் லேன் பாலத்தில் அன்று மாலை நின்றிருந்த ஒருவரின் கூற்று, இரு தரப்புக்கும் முக்கியச் சாட்சியமானது. விமானம் சிதறிய இடம் அவருக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, 16 அல்லது 17 கிலோமீட்டரில். எஃப்.பி.ஐ. சுருக்கத்தின்படி, ஒரு வெள்ளை ஒளி தரையிலிருந்து சாய்வாக மேலெழுந்தது, மினுமினுத்தபடி வளைந்து கடல்பக்கம் போனது, கண்ணிலிருந்து மறைந்தது, பின்னர் தீக்கோளம் தோன்றியது. அதன்பின் வந்த அதிர்வில் பாலமே ஆடியது.

சி.ஐ.ஏ. அவருடைய கூற்றுக்கு ஒலிக்கணக்கைப் பொருத்தி, அவர் ஒளியை முதலில் கண்டது வெடிப்புக்குப் பிறகே என்றது. ஏவுகணைக் கதையை நம்பிய எதிர்த்தரப்போ, அவர் ஒளியைக் கண்டது எதிரே இருந்த வீட்டுக் கூரைக்குச் சற்று மேலே, அவ்வளவு தாழ்விலிருந்து கிளம்பியது விமானமாக இருக்க முடியாது, அரசுப் படத்தில் அந்த ஒளியை வேண்டுமென்றே உயரத்தில் தொடங்கவைத்தார்கள் என்றது. இங்கே காலக்கணக்கு ஒரு பக்கமும் உயரக்கணக்கு மறுபக்கமும் இழுக்கின்றன.

இதைக் கைமுட்டியாலேயே அளந்து பார்க்கலாம். கையை முழுதாக நீட்டி முட்டி மடக்கினால், அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. 13,800 அடி என்பது 4.2 கிலோமீட்டர். பாலத்திலிருந்து பார்த்தால் விமானம் தொடுவானத்துக்கு மேல் 14 அல்லது 15 பாகையில், அதாவது ஒன்றரை முட்டி உயரத்தில் இருந்திருக்கும். நாம் உச்சிவானம் என்று நினைக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் அது மிகத் தாழ்வு. அருகிலுள்ள ஒரு வீட்டுக் கூரை எளிதாக அந்த அளவை எட்டிவிடும். கூரைக்கு மேலே எழுந்த ஒளி கடல்மட்டத்திலிருந்து வந்தது என்பது அவர் கண்டதல்ல, ஊகித்தது. தரைக்கும் கூரைக்கும் இடையே நடந்ததை வீடு மறைத்துக்கொண்டிருந்தது. ஒளி சென்ற திசையும் கவனிக்கத்தக்கது. தென்கிழக்குச் சாய்வாக, வலமிருந்து இடமாக அது போனது. விமானம் கிழக்கு-வடகிழக்காகக் கரைக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தது; தெற்கு நோக்கி நிற்பவருக்கு அதுவும் வலமிருந்து இடமாகத்தான் செல்லும்.

இதே முட்டிக்கணக்கு அரசுத் தரப்பின் பலவீனத்தையும் காட்டிவிடுகிறது. சி.ஐ.ஏ. சொன்னபடி விமானம் 17,000 அடிவரை ஏறியிருந்தாலும், பாலத்தில் நின்றவருக்கு அந்த ஏற்றம் 3 பாகைதான்: நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம். ஒன்றரை முட்டி உயரத்தில் தொடங்கி இரண்டு விரல் அகலம் ஏறிய ஒன்றைப் பார்த்து, கடலிலிருந்து வாணம்போல் சீறி எழுந்தது என்று ஒருவர் சொல்வாரா? ஏற்றத்தால் மட்டும் அந்த வருணனைகளை விளக்க முடியாது. கிழக்கே நின்றவர்களுக்கு, தம்மை நோக்கி வரும் விமானம் உயரம் மாறாமலே வானில் மேலேறுவதுபோல் தோன்றும் என்பதும், உடைந்த பகுதிகளிலிருந்து கீழே ஒழுகும் எரிபொருள் தீப்பற்றினால் கோடு கீழிருந்து மேலே வளர்வதுபோல் தோன்றலாம் என்பதும் இதைவிட வலுவான விளக்கங்கள்.

அளக்கப்படாத ஏற்றம்

1997 நவம்பர் 18 அன்று, குற்றத்துக்கான தடயம் இல்லை என்று கூறி எஃப்.பி.ஐ. தன் விசாரணையை நிறுத்தியபோது, சி.ஐ.ஏ. தயாரித்த கணினி அசைவூட்டப் படத்தை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மூக்கு விழுகிறது, விமானம் தலையில்லாமல் நிமிர்ந்து ஏறுகிறது, பின் உருண்டு விழுகிறது. பார்த்த பலருக்கும், விமானிகளில் பலருக்கும், அது நம்பும்படியாக இல்லை.

8:31:12-க்குப் பிறகு விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் செத்துவிட்டது. உயரத்தைச் சொல்வது அதுதான். அதன்பின் இஸ்லிப் முதலிய ராடார்களில் பதிந்தவை வெறும் எதிரொலிகள்; பொருள் எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் என்று அவை சொல்லும், எவ்வளவு உயரத்தில் என்று சொல்லா. ஆகவே ஏற்றம் என்பது அளவீடு அல்ல, கணக்கீடு. முன்பகுதியின் எடை போனதும் ஈர்ப்பு மையம் பின்னுக்குத் தள்ளப்பட்டு விமானம் மூக்கை உயர்த்தும் என்பது இயற்பியல்படி சரி. எவ்வளவு உயர்த்தும், எத்தனை விநாடி ஏறும், எப்போது காற்றின் தாங்குதலை இழந்து விழும் என்பதெல்லாம் அனுமானங்களைப் பொறுத்தது. வாரியமே தன் உருவகக் கணக்குகளில் சி.ஐ.ஏ.வின் 17,000 அடியைவிடக் குறைவாக, 16,000 அடி அளவில்தான் நின்றது. ஒரே அரசின் இரு அமைப்புகள் ஒரே விமானத்தை ஆயிரம் அடி வேறுபாட்டில் பறக்கவிட்டன.

ஓய்வுபெற்ற விமானி ரே லார் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ஏறும் பொருள் வேகத்தை இழக்க வேண்டும்; ராடார் புள்ளிகளில் அந்த வேகக்குறைவு தெரியவில்லை என்பது அவர் வாதம். கணக்கீடுகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வழக்குத் தொடுத்தார். அது 2009-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. சில ஆவணங்கள் கிடைத்தன, சில மறுக்கப்பட்டன. உருவகக் கணக்கில் பயன்பட்ட போயிங்கின் தரவுகள் வணிக ரகசியம் என்ற காரணமும் மறுப்புகளில் இருந்தது. அவர் முடிவுகளோடு நான் உடன்படவில்லை. ஆனால் பொதுமக்கள் முன் காட்டிய ஒரு படத்தின் கணக்கைப் பொதுமக்களுக்குக் காட்ட மறுத்தால் ஐயம் வளரத்தான் செய்யும்.

இனி மெக்லெய்ன். மிக நல்ல இடத்திலிருந்து பார்த்த தொழில்முறைச் சாட்சி அவர். வாரியத்தின் சாட்சிக் குழு அவரை நேரில் விசாரித்தது 1999-இல்தான். அவர் ஏவுகணை எதையும் காணவில்லை. விமானம் ஏறியதையும் காணவில்லை. வெடித்தது, விழுந்தது என்பதே அவர் கூற்று. ஒரே வாக்குமூலத்தில் இரு தரப்பின் கதைகளும் அடிபடுகின்றன. அவர் வானொலியில் சொன்ன 16,000 அடியை ஏற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர் விமானமும் அப்போது அந்த உயரத்தை ஒட்டியே பறந்தது. எதிரே உள்ள பொருளைத் தன் மட்டத்திலேயே வைத்துப் பார்ப்பது கண்ணின் இயல்பு. அந்த எண்ணை நான் எந்தப் பக்கத்துக்கும் சான்றாகக் கொள்ளமாட்டேன்.

கடலடியில் கிடந்த வரிசை

பறந்த பாதையைக் கண்ணோ கணினியோ சொல்லாதபோது, கடலடி சொன்னது. விமானத்தின் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி சுமார் 120 அடி ஆழத்திலிருந்து மீட்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் எங்கே கிடந்தது என்பது குறிக்கப்பட்டு, பரப்பு மூன்று நிற மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பாதையில் முதலில் வருவது, கென்னடி நிலையத்துக்கு மிக அருகில் இருந்தது, சிவப்பு மண்டலம். அங்கே கிடந்தவை நடுத்தொட்டியின் முன்சுவரும் அதையொட்டிய உடற்பகுதித் துண்டுகளும். மஞ்சளில் மூக்குப்பகுதி. மிகக் கிழக்கே பச்சையில் இறக்கைகள், எஞ்சின்கள், பின்னுடல். எது முதலில் கழன்றதோ அது முதலில் விழுந்தது.

கால்வர்டனிலிருந்த பழைய விமானத் தொழிற்கூடம் ஒன்றில் துண்டுகளைச் சேர்த்துச் சுமார் 93 அடி நீளத்துக்கு உடற்பகுதியை மீண்டும் கட்டினார்கள். தொட்டிக்குள் குறுக்கே நிற்கும் தடுப்புச் சுவர்களில் ஒன்று மேல்விளிம்பில் பிய்ந்து முன்னோக்கிச் சாய்ந்து அடுத்த சுவரை அறைந்த தடம் உலோகத்திலேயே இருந்தது. அந்த அறையால் முன்சுவர் புடைத்து முறிந்தது, விரிசல் வயிற்றுப்பக்கத் தகட்டில் இறங்கி இரு பக்கமும் ஏறியது, மூக்கு கழன்றது. அழுத்தம் உள்ளிருந்து வெளியே போயிருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஆயுதம் தகட்டில் விடும் குழிகளோ உருகிய விளிம்புகளோ எங்கும் இல்லை.

2000 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில் ஏவுகணைகளை எய்து, பல தூரங்களில் ஆட்களை நிறுத்திப் பார்த்தார்கள். உண்மையில் ஏவுகணை தாக்கியிருந்தால் சாட்சி காண வேண்டிய வரிசை இது: சுமார் 8 விநாடிகள் மிக வேகமாக, செங்குத்தாக ஏறும் ஒளி, எரிபொருள் தீர்ந்ததும் 7 விநாடிவரை இருட்டு, பிறகு இன்னொரு ஒளி, முந்தையதைவிட மெதுவாக, பக்கவாட்டில், அரை நிமிடம், கடைசியாகத் தீக்கோளம். 736 ஆவணங்களில் ஒன்றில்கூட இந்த முழு வரிசை இல்லை என்றது வாரியம்.

மிச்சமிருப்பவை

எதிர்த்தரப்பு எழுப்பிய எல்லாமே வெறும் புரளி அல்ல. விமானம் சிதறிய நேரத்தில் அங்கிருந்து மூன்று கடல்மைல் அளவில் 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) வேகத்தில் ஒரு கலம் தென்திசையில் விலகிச் சென்றது ராடாரில் உள்ளது. அது எது என்று கண்டறியப்படவேயில்லை. டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யாத ஒரு கடற்படை பி-3 ரோந்து விமானம் அருகே 20,000 அடியில் பறந்தது. மூன்று துண்டுகளில் வெடிமருந்துச் சுவடுகள் கிடைத்தன; ஐந்து வாரத்துக்கு முன் செயின்ட் லூயிஸில் மோப்ப நாய்ப் பயிற்சியின்போது சிந்தியது என்று விளக்கினார்கள், அந்தப் பயிற்சி இதே விமானத்தில்தான் நடந்ததா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். மீட்பு ஹெலிகாப்டரில் அருகே பறந்துகொண்டிருந்த, வியட்நாம் போரைக் கண்ட மேஜர் ஃபிரெட்ரிக் மேயர், தாம் கண்டது ஆயுத வெடிப்பே என்று கடைசிவரை சொன்னார். இவற்றில் ஒவ்வொன்றும் தனியே ஒரு கேள்வி. ஆனால் உள்ளிருந்து வெளியே பிய்ந்த தொட்டிச்சுவரை இவற்றில் எதுவும் விளக்கவில்லை.

அரசுத் தரப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2000 ஆகஸ்டில் வெளியான இறுதி அறிக்கை, தொட்டியின் ஆவி வெடித்ததே காரணம் என்று உறுதியாகச் சொன்னது. தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட மின்கசிவு, எரிபொருள் அளவுகாட்டியின் கம்பிகள் வழியாக உள்ளே போயிருக்கக்கூடும் என்பதே மிகச் சாத்தியமானது என்றது. வெடிப்புக்கு இரண்டு நிமிடம் முன்பு, நான்காம் எஞ்சினின் எரிபொருள் ஓட்டக்காட்டி கிறுக்குத்தனமாக ஆடுவதைப் பார் என்று விமானி சொன்னது குரல்பதிவில் இருக்கிறது. தொட்டி தானாக வெடிக்காது என்பவர்களுக்கு 1990 மே மாதம் மணிலாவில் தரையில் நின்ற போயிங் 737 ஒன்று நடுத்தொட்டி வெடித்து எட்டுப் பேர் இறந்ததை நினைவூட்டலாம். 2001 மார்ச் 3 அன்று பாங்காக்கில் அதேபோல் ஒரு 737 வெடித்தது. தாய்லாந்துப் பிரதமர் தக்சின் ஏறவிருந்த விமானம் என்பதால், வெடிகுண்டு என்றே முதலில் எல்லோரும் நம்பினார்கள், அதுவும் தொட்டிதான்.

2013-இல், விசாரணையில் பங்கேற்றிருந்த சிலரே, இயற்பியலர் டாம் ஸ்டால்கப்புடன் சேர்ந்து, ராடார் தரவு விமானத்துக்கு வெளியே நடந்த வெடிப்பைக் காட்டுகிறது என்று கூறி மறு ஆய்வு கேட்டு மனு கொடுத்தார்கள். 2014 ஜூலை 2 அன்று வாரியம் அதை நிராகரித்தது. 2008 முதல் புதிய விதிப்படி தொட்டிகளில் நைட்ரஜன் செலுத்தி ஆவி தீப்பற்றாமல் காக்கும் கருவிகள் வந்துவிட்டன. மீண்டும் கட்டப்பட்ட உடற்பகுதி வர்ஜீனியாவிலுள்ள வாரியத்தின் பயிற்சிக் கூடத்தில் ஆய்வாளர்களுக்குப் பாடமாக நின்றது; 2021-இல் அந்தப் பயன்பாட்டை நிறுத்தி, பின்னர் அதை அழித்துவிட்டார்கள். செங்குத்தாக ஏறிய கோட்டைச் சொன்ன 38 பேரின் கூற்றும், கடலிலிருந்தோ தொடுவானத்திலிருந்தோ கிளம்பிய ஒளியைச் சொன்ன 18 பேரின் கூற்றும், கணக்கிட்ட விமானப் பாதையோடு ஒத்துப்போகவில்லை என்ற குறிப்போடு வாரியத்தின் இறுதி அறிக்கையில் இன்னும் இருக்கின்றன.